ஏர் ரைஃபிளுக்கு எந்த பெல்லட்? சாதா, பொறுக்கியது, இறக்குமதி, மேட்ச்: ஓர் ஒப்பீடு

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வடகரப்பதி பக்கத்திலிருந்து ஏர் ரைஃபிள் பழகப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்வி. "அண்ணா, கோயம்புத்தூர் கடையில நாலு விதமா பெல்லட் வெச்சிருக்காங்க, வெலையும் நாலு விதமா இருக்குதுங்க. எதை வாங்கறதுங்க?"

கடைக்காரர் விலை கூடியதைக் காட்டுவார். உடன் பழகும் பையன் தான் வாங்கியதைச் சொல்வான். இரண்டையும் கேட்டுக்கொள்ளலாம், முடிவை மட்டும் அவர்களிடம் விடக் கூடாது. ஒரே கம்பெனி, ஒரே மாடலில் அடுத்தடுத்து வந்த இரண்டு ரைஃபிள்கள்கூட ஒரே பெல்லட்டை ஒரே மாதிரி சுடுவதில்லை. எது பொருந்துகிறது என்று சொல்ல வேண்டியது உங்கள் ரைஃபிளின் குழல். அது சொல்லும் பதிலுக்குப் பணம் செலவழிக்கலாமா என்று சொல்ல வேண்டியது சுடுகிற பிள்ளையின் கை. இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் டின் டின்னாக வாங்குவது வீண்.

பெல்லட் என்பது ஏர் ரைஃபிளில் போடும் சின்ன ஈயக் குண்டு. இங்கே பேசப்போவது 4.5 மி.மீ, அதாவது .177 அங்குல ஏர் ரைஃபிளைப் பற்றி மட்டும். முக்கியமாக 10 மீட்டர் குறிக்கு. 25 மீட்டருக்குத் தனியாகக் கொஞ்சம்.

## முதலில் அளவுகோல்கள்

குறித்தாள் கேட்பது எவ்வளவு? 10 மீட்டர் ரைஃபிள் தாளில் நடுப் புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. பெல்லட்டின் ஓரம் புள்ளியைத் தொட்டாலே பத்து. அதாவது பெல்லட்டின் மையம் குறியின் மையத்திலிருந்து 2.5 மி.மீக்குள் விழுந்தால் 10.0. அங்கிருந்து உள்ளே போகப் போக ஒவ்வொரு கால் மி.மீக்கும் ஒரு தசமம் கூடும், 10.9 வரை. வெளியே போனாலும் இதே கணக்கில் குறையும்.

இதை வைத்துக்கொண்டு பெல்லட்டைப் பார்க்கலாம். ரைஃபிளை அசையாமல் தாங்கி வைத்துச் சுட்டும் 8 மி.மீ பரவுகிற பெல்லட், குறி கச்சிதமாக இருக்கும்போதே 4 மி.மீ தள்ளி விழலாம். அது 9.4. அதே ரைஃபிளில் 3 மி.மீ பரவும் பெல்லட் மோசமாக விழுந்தாலும் 10.4. கையின் தவறு எதுவும் இல்லாமலே ஒரு குண்டுக்கு ஒரு புள்ளி போகிறது.

உச்சத்தில் நடப்பதற்கு ஒரு உதாரணம். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், கடலூரில் பிறந்த இளவேனில் வாளறிவன் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில் எடுத்தது 626.5. அறுபது குண்டுக்குச் சராசரி 10.4. மையத்திலிருந்து ஒன்றரை மி.மீக்குள் நிற்கிற சராசரி அது. அந்தச் சராசரிக்குக் கிடைத்தது 16-வது இடம். அந்த உயரத்தில் பெல்லட்டின் அரை மி.மீகூட பெரிய விஷயம்.

சுடுகிறவரின் கை எவ்வளவு பரவுகிறது? பெற்றோர் யாரும் கேட்காத கேள்வி இது, ஆனால் பணம் மிச்சமாவது இங்கேதான். கையின் சிதறலும் பெல்லட்டின் சிதறலும் நேராகக் கூடுவதில்லை. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பிள்ளையின் கைச் சிதறல் 4 மி.மீ, பெல்லட்டுடையது 1 மி.மீ என்றால், மொத்தம் 4.1 தான். பெல்லட்டை முழுக்கக் குறையில்லாமல் ஆக்கினாலும் 4.1 என்பது 4 ஆகும், அவ்வளவே. கைச் சிதறல் 1.5-க்கு வந்துவிட்ட பிள்ளைக்கு அதே பெல்லட்டில் மொத்தம் 1.8. அங்கே நல்ல பெல்லட் ஆறில் ஒரு பங்கு சிதறலைக் குறைத்துவிடும். ஒரே டின், ஒரே விலை. ஒருவருக்கு ஒன்றுமில்லை, இன்னொருவருக்குப் பதக்கம்.

லாட்டுக்கு லாட், அதாவது ஒரு தடவை தயாரித்த சரக்குக்கும் அடுத்த தடவை தயாரித்ததுக்கும், மாறாமல் இருக்கிறதா? ஒரு டின்னில் நன்றாகச் சுட்டது அடுத்த டின்னிலும் சுட வேண்டும்.

உண்மையான விலை. டின்னின் விலையை அதிலுள்ள 500 பெல்லட்டால் வகுத்தால் வருவது பாதிக் கணக்கு. தூக்கி எறிந்தவை, பொறுக்கச் செலவான நேரம், கடைக்குப் போய் வந்த பஸ் செலவு, சரக்கு வராத மாதத்தில் வேறொன்றை வாங்கி மறுபடி குறி சரிசெய்தது, எல்லாம் அதில் சேரும்.

ரைஃபிள் எந்த வகை? மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் ரைஃபிளா, காற்று நிரப்பும் பிசிபியா என்பதும் பதிலை மாற்றும்.

## ஒப்பிடும் முன் சோதனை

நான்கு வகையையும் ஒரே முறையில் சோதிக்காவிட்டால் ஒப்பீடு என்பதற்கே பொருளில்லை. பலரும் மூன்று குண்டு சுட்டு, மூன்றும் ஒரே ஓட்டையில் விழுந்ததும் "இதுதான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரே குறியைப் பார்த்துச் சுட்ட குண்டுகள் தாளில் சேர்ந்து விழுந்த கூட்டத்தைத்தான் குரூப் என்கிறோம். மூன்று குண்டுக் குரூப் எப்போதும் அழகாகத்தான் தெரியும். அதே ரைஃபிள், அதே பெல்லட்டில் ஐந்து குண்டுக் குரூப் சராசரியாக அதைவிடக் கால் பங்கு பெரிதாக வரும். பத்து குண்டு என்றால் ஐந்தைவிட இன்னொரு கால் பங்கு. ஆகவே ஒரு வகையின் மூன்று குண்டையும் இன்னொரு வகையின் பத்து குண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு வகைக்கும் பத்து குண்டுக் குரூப் ஐந்தாவது வேண்டும். நல்ல குரூப் மட்டுமல்ல, ஐந்தின் சராசரிதான் கணக்கு.

பெல்லட் மாற்றும்போது முதல் பதினைந்து இருபது குண்டுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முந்தைய வகையின் ஈயப் படலமும் எண்ணெயும் குழலுக்குள் இருக்கும். புதியது தன் படலத்தைப் பூசிக்கொண்ட பிறகுதான் நிலைக்கு வரும். குழலைச் சுத்தம் செய்தாலும் இப்படித்தான்.

பிசிபியை மணல் பையில் அழுத்தி வைத்துச் சுடலாம். ஸ்பிரிங் ரைஃபிளை அப்படி வைக்கக் கூடாது. விசையை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் ஓடி நிற்கும். பெல்லட் குழலை விட்டுப் போவதற்குள் ரைஃபிள் முன்னும் பின்னும் உதைக்கும். கெட்டியான பையில் வைத்தால் அந்த உதை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி திரும்பும். பையின் மேல் உள்ளங்கையை விரித்து, அதன் மேல் ரைஃபிளின் முன்கட்டையைத் தளர்வாக, எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டாம். சோதனை தொடங்கும் முன் கட்டையின் திருகுகளையும், மடங்கும் குழல் ஆட்டம் இல்லாமல் பூட்டுகிறதா என்பதையும் பாருங்கள். ஆடுகிற குழலுக்கு எந்த பெல்லட்டும் மருந்தாகாது.

அளப்பது இப்படி: குரூப்பின் வெளி ஓரத்திலிருந்து எதிர் வெளி ஓரம் வரை அளந்து, அதிலிருந்து 4.5 மி.மீ கழியுங்கள். தட்டைத் தலை பெல்லட் தாளை வட்டமாக வெட்டும், அளக்கச் சுலபம். உருண்டைத் தலை தாளைக் கிழித்துக்கொண்டு போகும். ஓட்டை உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும். அதனால் உருண்டைத் தலை நன்றாகச் சுட்டது போல் ஒரு மயக்கம் வரும். தாளுக்குப் பின்னால் கெட்டி அட்டை வைத்தால் இது பெருமளவு சரியாகும்.

## ஒன்று: நம் ஊர் சாதா பெல்லட், பெட்டியிலிருந்து அப்படியே

ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தாளில் கொட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். சிலவற்றின் ஸ்கர்ட், அதாவது பின்பக்க மெல்லிய விளிம்பு, ஒரு பக்கம் நசுங்கி முட்டை வடிவில் இருக்கும். சிலவற்றின் தலையில் அச்சு சேர்ந்த இடத்தில் மயிரிழை போல ஈயம் துருத்தி நிற்கும். லோடு செய்யும்போது கட்டைவிரலுக்கே வித்தியாசம் தெரியும். ஒன்று தானாக உள்ளே நழுவும், அடுத்தது அழுத்தினால்தான் போகும். விரலுக்குத் தெரியும் அந்த வித்தியாசம் தாளில் மி.மீ கணக்கில் தெரியும்.

ஸ்கர்ட் மெல்லியதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. காற்றழுத்தம் பின்னாலிருந்து தள்ளும்போது அது விரிந்து குழலின் வரிப்பள்ளங்களை அடைக்கிறது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் குழலை விட்டு வெளியே வரும் கணத்தில் காற்று அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு பீறிட்டு, பெல்லட்டின் வாலைத் தட்டிவிடும்.

இத்தனை குறை இருந்தாலும், பழக ஆரம்பிக்கும் பிள்ளைக்கு நான் சொல்வது இதைத்தான். முதல் ஆறேழு மாதம் கற்றுக்கொள்வது நிற்பது, மூச்சு, விசை இழுப்பது, இழுத்த பிறகும் குறியில் நிலைத்திருப்பது. தாளில் அள்ளித் தெளித்தது போல் விழுகிற காலம் அது. மலிவாக நிறையச் சுட முடிவதுதான் அந்தக் காலத்தின் தேவை. உள்ளூர் ஸ்பிரிங் ரைஃபிளில் ஓபன் சைட் (குழலின் மேல் உள்ள சாதாக் குறிகாட்டி) பிரிவுக்குப் பழகுகிற பிள்ளைக்கும் நெடுநாள் இது போதும்.

மறைந்திருக்கும் செலவு மனச்செலவு. கை திருந்திய பிறகும் சாதா பெல்லட்டில் தொடர்ந்தால், சரியாகச் சுட்ட குண்டு தள்ளி விழும். பிள்ளை தன் கையைச் சந்தேகிக்கும், சரியாக இருந்த பழக்கத்தை மாற்றப் பார்க்கும். "நான் சரியாத்தான் இழுத்தேன், ஆனா அங்க போயிடுச்சு" என்று பிள்ளை அடிக்கடி சொல்ல ஆரம்பித்தால், அதை நம்பி மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள்.

## இரண்டு: அதே சாதா பெல்லட், உட்கார்ந்து பொறுக்கியது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லோரும் எடை போடுவதில் ஆரம்பிக்கிறார்கள், 10 மீட்டரில் அதிகம் உதவாதது எடைதான்.

கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட், 10 மீட்டரைக் கடக்க 0.06 நொடி ஆகும். அதற்குள் ஏறத்தாழ 17 மி.மீ கீழே இறங்கும். எடை 4 சதவீதம் மாறினால், அதாவது 0.50 கிராமுக்குப் பதில் 0.52 என்றால், வேகம் 2 சதவீதம்தான் மாறும். இறக்கத்தில் வரும் வித்தியாசம் 0.7 மி.மீ. அவ்வளவு எடை வித்தியாசத்துக்கு இவ்வளவுதான். இதே வித்தியாசம் 25 மீட்டரில் நாலைந்து மி.மீ ஆகிவிடும், ஏனென்றால் அங்கே இறக்கமே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர். தூரம் கூடினால் எடை பேசும், 10 மீட்டரில் வடிவம் பேசும்.

நகைக்கடைத் தராசு என்று விற்கும் சின்ன மின்தராசு பெரும்பாலும் 0.01 கிராம் வரைதான் காட்டும். மேலே சொன்ன 4 சதவீதமே அதில் இரண்டு படிதான். படு மோசமானவற்றை ஒதுக்க உதவும், தரம் பிரிக்க உதவாது. தரம் பிரிக்க 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு எடை போட வேண்டும்.

ஆகவே 10 மீட்டருக்குப் பொறுக்குகிறவர்கள் இந்த வரிசையில் போங்கள். முதலில் கண். நசுங்கிய ஸ்கர்ட், தலையில் பிசிறு, உள்ளே ஈயத்தூள் ஒட்டியது, மூன்றையும் ஒதுக்குங்கள். அடுத்தது கண்ணாடி. ஒரு கண்ணாடித் துண்டை இலேசாகச் சாய்த்து, மேலிருந்து ஒவ்வொரு பெல்லட்டாக உருட்டிவிடுங்கள். தலையைவிட ஸ்கர்ட் கொஞ்சம் அகலம் என்பதால் பெல்லட் நேராக உருளாது, வளைந்து போகும். ஒரே அளவு உள்ளவை ஒரே வளைவில் போய் ஒரே இடத்தில் சேரும். அளவு மாறியவை விலகிப் போகும். வட்டம் கெட்டவை தத்தித் தத்திப் போகும். ஒரே இடத்தில் குவிந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பைசா செலவில்லாத இந்தச் சோதனை, 10 மீட்டரில் தராசைவிட அதிகம் தருகிறது. தலையை மட்டும் அளக்கத் துல்லியமான துளைத் தகடுகளும் கிடைக்கின்றன. ஆனால் அதை வாங்கும் நிலைக்கு வந்தவர் அந்தப் பணத்தில் அடுத்த வகைக்குப் போய்விடுவது மேல்.

ஈயத்தூள் அதிகமிருந்தால் சோப்புத் தண்ணீரில் அலசி, துணியில் பரப்பி நிழலில் காய வைத்து, எண்ணெய் பூசியும் பூசாததுமாக ஒரு துளி தடவி வையுங்கள். ஸ்பிரிங் ரைஃபிளில் எண்ணெய் கூடினால் பிஸ்டன் அழுத்தும் காற்றின் சூட்டில் அது உள்ளேயே பற்றி வெடிக்கும். வேகம் தாறுமாறாகும், சீலும் கெடும். அலசிய பாத்திரம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. ஈயம் நஞ்சு, பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்குத்தான் அதிகக் கெடுதல். பொறுக்கி முடித்ததும், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே முறுக்கோ டீயோ. பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு லோடு செய்யும் பழக்கத்தைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

மறைந்த செலவு: மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கினால், மிஞ்சியவற்றின் விலை ஒன்றரை மடங்கு. ஒன்றுக்கு ஆறு நொடி என்று வைத்தாலும் 500-ஐ ஒருமுறை பார்க்க 50 நிமிடம். கண்ணுக்கு ஒருமுறை, கண்ணாடிக்கு ஒருமுறை. படிக்கிற பிள்ளையின் மாலை நேரம் அதற்குப் போகக் கூடாது. ஒதுக்கியவற்றை எறிய வேண்டாம், உடம்பு சூடேற்றும் முதல் குண்டுகளுக்கு ஆகும்.

இது யாருக்கு? கை ஓரளவு திருந்திவிட்டது, கையில் பணம் இல்லை, வீட்டில் பொறுமையான ஒரு பெரியவர் இருக்கிறார் என்றால் இது நல்ல வழி. போட்டிக்கு முந்தின வாரம் ஒரு 150 பெல்லட்டைப் பொறுக்கித் தனி டப்பாவில் வைத்துக்கொடுப்பதும் நல்லது. தினப் பயிற்சிக்கு எல்லாவற்றையும் பொறுக்குவது உழைப்புக்குத் தகுந்த பலன் தராது.

## மூன்று: இறக்குமதியான பயிற்சித் தரம்

ஜெர்மனியின் எச் அண்ட் என், ஆர்டபிள்யூஎஸ், செக் நாட்டின் ஜேஎஸ்பி, சீனாவின் க்யூஒய்எஸ் போன்றவை போட்டிக்கான உயர்தரத்துக்குக் கீழே பயிற்சிக்கென்றும் தட்டைத் தலை பெல்லட் செய்கின்றன. டின்னைத் திறந்ததும் தெரிவது வடிவத்தின் ஒழுங்கு. நசுங்கியது அபூர்வம், பொறுக்கும் வேலையே இருக்காது.

மாவட்டப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைக்கு என் தேர்வு இதுதான், தயங்காமல் சொல்வேன். சாதாவுக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. இதற்கும் மேட்ச் தரத்துக்கும் உள்ள தூரம் சிறிது. விலையில் மட்டும் அந்த இரண்டாவது தூரம் சிறிதாக இருப்பதில்லை.

எடையைப் பார்த்து வாங்குங்கள். 0.45 கிராம் அளவில் வருவது பெரும்பாலும் பிஸ்டலுக்கானது. ரைஃபிளுக்கு 0.51 முதல் 0.53 கிராம் வரை வழக்கம். வலுவான ஸ்பிரிங் ரைஃபிளில் மிக இலேசானதைப் போட்டால், பிஸ்டனுக்கு முன்னால் போதிய காற்றுத் தடை இல்லாமல் அது ஓங்கி இடிக்கும்.

மறைந்த செலவு சரக்கு வரத்து. ஒரு மாதம் இருக்கும், அடுத்த இரண்டு மாதம் இருக்காது. அப்போது கிடைத்ததை வாங்கினால் குறி இடம் மாறும், மறுபடி சைட் திருக வேண்டும், பிள்ளையின் நம்பிக்கையும் கொஞ்சம் ஆடும். நாளைக்கு 80 குண்டு, மாதம் இருபது நாள் என்றால் 1600 குண்டு, மூன்று டின்னுக்கு மேல். மூன்று மாதத்துக்கானதை ஒரே தடவையில் வாங்கி வைப்பது இந்த வகைக்குக் கட்டாயம் என்றே நினைக்கிறேன்.

## நான்கு: மேட்ச் தரம், லாட் சோதித்து வாங்குவது

மேட்ச் என்பது போட்டிக்கென்றே செய்த உயர்தரம். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் போன்றவை. டின்னின் ஒட்டுத்தாளில் தலையின் அளவு 4.49, 4.50 என்று அச்சாகியிருக்கும். லாட் எண்ணும் இருக்கும். ஒரு நூறில் ஒரு பங்கு மி.மீக்குக் குரூப் மாறுமா என்று கேட்கலாம். மேட்ச் ரைஃபிளின் குழலில் மாறும்.

பெயரைப் பார்த்து ஒரு டின் வாங்கிச் சுடுவதில் இந்த வகையின் பலன் பாதிகூடக் கிடைக்காது. இரண்டு மூன்று தலை அளவு, முடிந்தால் வெவ்வேறு லாட், எல்லாவற்றிலும் ஒவ்வொரு டின் எடுத்து, ரைஃபிளைத் தாங்கி வைத்துச் சோதித்து, ஜெயித்த லாட்டிலேயே வருடத்துக்கானதை வாங்கி அடுக்குவதுதான் முறை. தனியாகச் செய்தால் செலவு கையைக் கடிக்கும். ஒரே ரேஞ்சில் பழகும் நாலைந்து குடும்பம் சேர்ந்து, ஆளுக்கொரு டின் வாங்கி மாற்றிச் சோதித்துக்கொள்ளலாம். ஒருவர் ரைஃபிளுக்குப் பிடிக்காத டின் இன்னொருவருக்குப் பிடிக்கும், வீணாகாது.

இது பிசிபி மேட்ச் ரைஃபிளும், தாங்கல் இல்லாமல் நின்று சுட்டுச் சராசரி பத்துக்கு மேல் எடுக்கும் கையும் உள்ளவருக்கு. ஸ்பிரிங் ரைஃபிளில் மேட்ச் டின்னைப் போடும் பெற்றோரை நிறையப் பார்க்கிறேன். அந்தப் பணம் ஒரு நல்ல ஷூட்டிங் ஜாக்கெட்டுக்கோ, பயிற்சியாளரின் கட்டணத்துக்கோ போனால் புள்ளி கூடும்.

## ஒரு பார்வையில்

| | சாதா, அப்படியே | சாதா, பொறுக்கியது | இறக்குமதி, பயிற்சித் தரம் | மேட்ச், லாட் சோதித்தது |
|---|---|---|---|---|
| 10 மீட்டர் குரூப் | அகலம், கணிக்க முடியாதது | நடுத்தரம் | நெருக்கம் | மிக நெருக்கம் |
| லாட் மாறினால் | பெரிதும் மாறும் | மாறும் | கொஞ்சம் மாறும் | மாறும். அதனால்தான் மொத்தமாக வாங்குவது |
| மறைந்த செலவு | கையின் மேல் சந்தேகம் | நேரம், ஒதுக்கியவை | சரக்கு வரத்து | சோதனை டின்கள், முன்பணம் |
| பொருந்தும் ரைஃபிள் | ஸ்பிரிங் | ஸ்பிரிங் | ஸ்பிரிங், பிசிபி | பிசிபி மேட்ச் |
| யாருக்கு | தொடக்கக்காரர் | கை திருந்தியவர், பணம் குறைவு | மாவட்ட, மாநிலப் போட்டியாளர் | தசமத்துக்குப் போராடுபவர் |

## 25 மீட்டரில் சுடுகிறவர்களுக்கு

தோட்டத்தில் மண்மேட்டுக்கு முன் தகரக் குறி வைத்துச் சுடுகிறவர்களும் கேட்கிறார்கள். அங்கே தட்டைத் தலை வேண்டாம். அது காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும், பக்கக் காற்றுக்கும் அதிகம் விலகும். உருண்டைத் தலை, 0.55 கிராம் சுற்று வட்டாரத்தில் எடுங்கள். ஜேஎஸ்பி எக்ஸாக்ட் 8.44 கிரெய்ன் (0.547 கிராம்) இந்த வகை.

நம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறதே, அதை மறக்க முடியாது. ஆனி ஆடியில் மேற்கிலிருந்தும் மார்கழி தையில் கிழக்கிலிருந்தும் தென்னையைச் சாய்க்கிற காற்று அது. நொடிக்கு 3 மீட்டர் என்ற மெல்லிய பக்கக் காற்றே 25 மீட்டரில் உருண்டைத் தலையைச் சில சென்டிமீட்டர் தள்ளிவிடும். தட்டைத் தலைக்கு ஏறத்தாழ இரு மடங்கு. எனவே 25 மீட்டர் சோதனையைக் காற்று எழுவதற்கு முன் அதிகாலையில் செய்யுங்கள். மதியம் எடுத்த குரூப்பை வைத்து பெல்லட்டைக் குறை சொல்ல வேண்டாம். எடை பொறுக்குவது பலன் தருவதும் இந்தத் தூரத்தில்தான்.

பின்னால் மண்மேடு இல்லாமல் சுடக் கூடாது. தகரமும் கல்லும் பெல்லட்டைத் திருப்பி அனுப்பும். கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

## மயிலுக்கும் பன்றிக்கும் எது என்று கேட்பவர்களுக்கு

எதுவும் இல்லை. நிலக்கடலையையும் தக்காளியையும் மயில் கொத்திப்போடும் வேதனை எனக்குத் தெரியும், எல்லையின் இரண்டு பக்கமும் அதே பாடுதான். ஆனால் மயில் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஏர்கன் என்பதால் சட்டம் விலகி நிற்காது. புறாவையும் மைனாவையும் சுடுவதற்கும் இதே பதில்.

குழல் 4.5 மி.மீக்குள், சுடும் சக்தி 20 ஜூலுக்குள் உள்ள ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டியதில்லை என்பதை, எதையும் சுடலாம் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த விலக்கு கருவியை வைத்திருக்கத்தான். காட்டுப்பன்றி விஷயத்தில் கேரள அரசு 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்தது உண்மை. அது அவர்கள் அனுமதிக்கும் லைசென்ஸ் துப்பாக்கிக்காரருக்கு. மேட்ச் ரைஃபிளின் ஏழெட்டு ஜூல் பன்றியைக் கொல்லாது. தோலுக்குள் ஈயத்தோடு, சீழ் பிடித்து நாள்கணக்கில் அலைய விடும். அந்தப் பாவத்தை எந்தப் பிள்ளையின் கையிலும் கொடுக்காதீர்கள். பஞ்சாயத்தில் எழுதிக் கொடுங்கள், பயிர் நஷ்டத்துக்கு வனத்துறையில் மனுப் போடுங்கள்.

## வாங்கும்போது

முதல் தடவை ஒவ்வொரு வகையிலும் ஒரு டின்னுக்கு மேல் வாங்க வேண்டாம். டின்னை ஆட்டிப் பார்க்காதீர்கள், மூடியைத் திறந்து பாருங்கள். கடைக்காரர் மறுத்தால் வேறு கடை. பெல்லட்டின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஈரத்தில் கிடந்த பழைய சரக்கு. ஒட்டுத்தாளில் உள்ள லாட் எண்ணையும் தலை அளவையும் போனில் படம் எடுத்து, அந்த டின்னில் சுட்ட குரூப் தாள்களோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை கடையில் "அதே பெல்லட்தான்" என்று நீட்டினால், எண்ணைச் சரிபார்த்து வாங்கலாம். எண் வேறு என்றால் அதைப் புது பெல்லட்டாக எண்ணி, ஐந்து குரூப் சுட்டுப் பார்த்த பிறகே போட்டிக்கு எடுத்துப் போங்கள்.